புற்றுக்குப் பால் - பிள்ளைக்குப் படிக்கட்டு!

களமருதூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒன்பது குடிசைகள். எண்ணி ஒன்பதே ஒன்பது! அவற்றுள் ஒன்றின் மூலையில், வாய்க்குத் துணி கட்டிய ஒரு மண்பானை. பானைக்குள் ஒரு நல்ல பாம்பு. பானையிலிருந்து நான்கு முழம் தள்ளி, கோரைப் பாயில் சுருண்டு உறங்கும் ஒரு சிறுவன். ஆறாம் வகுப்பு மாணவன், நாம் பாடம் சொல்லும் பள்ளியில் படிப்பவன், கணக்கில் கெட்டி, தமிழில், எழுத்துப் பிழை இருந்தாலும் எண்ணப் பிழை இல்லாதவன்.

அந்த ஒரு பானைதான், சென்ற ஆடித் திங்களில் ஊரையே கிடுகிடுக்க வைத்தது.

நடந்ததைச் சொல்கிறோம். ஊரின் பெரிய வீடொன்றில், நெல்மூட்டை அடுக்கிய அறையில், இரவு ஒன்பது மணிக்குச் சீறல் கேட்டது. வீட்டார் வெளியே ஓடினர். தடியெடுத்தவர் பலர் உண்டு. தடியோடு உள்ளே நுழைந்தவர் ஒருவரும் இல்லை! 'கூப்பிடு அந்த இருளனை' என்றார் வீட்டுக்காரர். ஆள் பறந்தது. சிறுவனின் தந்தை வந்தார். விளக்கை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். மூட்டைகளை ஒவ்வொன்றாய் நகர்த்தினார். ஐந்தடி நீளப் பாம்பை வாலைப் பற்றித் தூக்கி, துணிப்பைக்குள் இறக்கிக் கட்டினார். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தக் கால்மணி நேரமும் அவர் நின்றது அந்த வீட்டின் நடுக்கூடத்தில்! வேறு நாட்களில் அவர் வாசற்படி மிதித்தால் தீட்டு. அன்று அந்தத் தீட்டு எந்த மூட்டைக்குப் பின்னே ஒளிந்துகொண்டதோ, எவரும் தேடவில்லை. அச்சம் வந்த வாசல் வழியே ஆசாரம் ஓடிற்று!

கூலி ஐம்பது ரூபாய். அதுவும் கையில் கொடுக்கப்படவில்லை. திண்ணை விளிம்பில் வைக்கப்பட்டது, எடுத்துக்கொள்ளட்டும் என்று.

இருட்டில் காட்டுமேட்டுக்குப் போக இயலாது, விடியட்டும் என்று பாம்பைப் பானையில் வைத்தார் அவர். விடிந்தபோது, அவ்வழிச் சென்ற பால்காரர் ஒருவர் பானையைக் கண்டார். அவ்வளவுதான்! காலையில், 'இருளன் பாம்பு வளர்க்கிறானாம்.' நண்பகலில், 'பத்துப் பாம்பு வளர்க்கிறானாம்.' அந்தி சாயுமுன், 'கூலி குறைத்துக் கொடுப்பவர் வயலில் கொண்டுபோய் விடுகிறானாம்.' பாம்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ இரண்டு திங்கள் வேண்டும். வதந்திக்கு ஒரு பகல் போதும்!

ஒன்பது குடிசைகளையும் ஏரிக்கரையிலிருந்து அகற்றவேண்டும் என்று மனு எழுதப்பட்டது. கையெழுத்திட்டவர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது? நெல்மூட்டை அறையின் சொந்தக்காரர் பெயர்!

மறுநாள் பள்ளியில், பகலுணவு வேளையில், சிறுவனின் இருபுறமும் இடம் காலியாயிற்று. 'அவன் பையில் குட்டி இருக்கும்' என்றது ஒரு குரல். பெற்றோர் இருவர் வந்தனர். 'பையனைத் தனியே உட்கார வையுங்கள்' என்றனர். உட்கார வைக்கப்பட்டான், வகுப்பறைக்கு வெளியே, படிக்கட்டில், தட்டை மடியில் வைத்தபடி. நாம் அன்று விடுப்பில் இருந்தோம். ஆனால் திரும்பி வந்த பின்னும், அவனை உள்ளே அழைத்து வர நமக்கு இரண்டு நாட்கள் ஆயின என்பதை மறைத்து எழுதினால், இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை.

மூன்றாம் நாள் மாலை நாம் அந்தக் குடிசைக்குச் சென்றோம். மூலையில் பானை இருந்தது. பகுத்தறிவு பேசும் நாம், கல்லூரியில் பட்டம் பெற்ற நாம், பேய் இல்லை பிசாசு இல்லை என்று மேடையேறி முழங்கும் நாம், அந்தப் பானையைக் கண்டு ஓரடி பின்வாங்கினோம். சிறுவன் சிரித்தான். 'அதுல ஒண்ணுமில்ல சார். அப்பா அன்னிக்கே கொண்டுபோய் விட்டுட்டாரு' என்றான்.

வெறும் பானைக்கு அஞ்சினோம், தோழர்களே! ஊராரை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டுமுன், அந்த ஓரடியை நினைத்துக்கொள்கிறோம்.

அச்சமே தவறு என்பது நம் வாதமன்று. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொன்னவன் பொய்யன் அல்லன். 2000ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! மாண்டவர் யார்? மாளிகைவாசிகளா? இல்லை. கழனியில் கால் வைப்பவர், கரும்பு வெட்டுபவர், கட்டில் இன்றித் தரையில் படுப்பவர். கட்டுவிரியன் நள்ளிரவில் கடிக்கும். பல வேளைகளில் கடித்த வலியே தெரியாது. விடியலில் இமை தாழும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். இத்தகைய ஒன்றுக்கு அஞ்சாதே என்று உழவனுக்கு உபதேசம் செய்வது அறிவுடைமை ஆகாது.

ஆனால், அந்த அச்சம் இவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதே நம் கேள்வி. மருத்துவமனை வாயிலில் நிறுத்தியதா? புற்றின் முன் நிறுத்தியது. மனுவில் கையெழுத்திட்ட அதே வீட்டார், அதே ஆடித் திங்களின் வெள்ளிக்கிழமை, மஞ்சள் குங்குமம் ஏந்தி, புற்றுக்குப் பால் வார்க்கச் சென்றனர்! கண்ணாரக் கண்டோம். பாம்பு ஊனுண்ணி. எலியும் தவளையும் அதன் உணவு. பாலைச் செரிக்கும் குடல் அதற்கு இல்லை. நீரின்றி நாட்கணக்கில் வாட்டி வைத்தால், தாகம் தாளாமல் எதையும் உறிஞ்சும். பாம்பாட்டிகள் கூடையில் அடைத்துக் காட்டும் வித்தை அதுதான். புற்றில் வார்த்த பால் மண்ணில் ஊறி எறும்புக்குப் போகிறது. அந்தப் பாலில் ஒரு குவளை, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் போயிருக்கலாம்.

வணக்கத்துக்குரிய பாம்பு வயலில் தென்பட்டால் தடியடி. தடியடிபட்ட பாம்பு செத்த பின், அதன் வாயில் காசு வைத்து, பால் தெளித்து, அடக்கம்! பழி வாங்குமாம். இணையைக் கொன்றவன் முகத்தைக் கண்ணில் படம் பிடித்து வைத்து, பன்னிரண்டு ஆண்டானாலும் தேடி வருமாம். 1979இல் வந்த 'நீயா?' படத்தைப் பார்த்துவிட்டு வந்த தலைமுறை இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதையே விலங்கியலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடிபட்ட பாம்பு கிடந்த இடத்துக்கு வேறொரு பாம்பு வருவது, எலி அங்கே இருப்பதால். அல்லது அது விட்டுச் சென்ற மணத்தால். மனிதரை நினைவில் வைத்து வஞ்சம் தீர்க்கும் மூளை அதற்கு இயற்கை அளிக்கவில்லை. அந்த மூளையை நமக்குத்தான் அளித்தது!

கொம்பேறிமூக்கனைப் பாருங்கள். கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறி, கடிபட்டவன் பிணம் எரியும் புகையைப் பார்த்த பின்தான் இறங்குமாம். பாவம், அது மரத்தில் ஏறுவது ஓணானும் தவளையும் தேடி. மனிதரைக் கொல்லும் நஞ்சு அதற்குக் கிடையாது. சாரையும் நாகமும் கூடும் என்பர். இரண்டும் வேறு வேறு இனம். பிணைந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், எல்லைக்கும் இணைக்கும் மல்லுக்கட்டுகின்றன. நாம் மேல்துண்டை விரித்துக் கும்பிடுகிறோம், துண்டில் செல்வம் சேரும் என்று! பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும், மண்ணுளிப் பாம்பு நக்கினால் தொழுநோய் வரும் என்று ஒரு பக்கம் அச்சம். அதே மண்ணுளிக்கு இரண்டு தலை என்றும், வீட்டில் வைத்தால் புதையல் கிட்டும் என்றும் நம்பி லட்சக்கணக்கில் கொட்டி ஏமாந்த படித்தவர்கள் இன்னொரு பக்கம். மண்ணுளியின் வால் மழுங்கியிருக்கிறது, தலை போல் தோன்றுகிறது, அவ்வளவே. ஏமாந்தவர் கழுத்தின் மீதிருப்பதும் அப்படித்தான் தோன்றுகிறது!

நாகதோஷம் என்றொரு கொடுமை. பாம்பு நிற்பது சாதகக் கட்டத்தில். பலியாவது பெண்ணின் வாழ்வு. முப்பது வயதைக் கடந்தும் மணமாகாமல், பரிகாரத் தலங்களுக்குப் படியேறிப் படியேறிக் கால் தேய்ந்த சகோதரிகள் நம் வட்டத்தில் இல்லையா? கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், 2020இல், கணவன் ஒருவன் விலைக்கு வாங்கிய நாகப்பாம்பைக் கொண்டே உறங்கும் மனைவியைக் கொன்றான். 'பாம்புக்கடி, விதி' என்று அழுது முடித்திருந்தால் அவன் தப்பியிருப்பான். பெண்ணைப் பெற்றவர் ஐயுற்றனர். காவல்துறையினர் பொம்மைக் கையில் பாம்பைக் கடிக்க வைத்துப் பல்தட இடைவெளியை அளந்தனர். தானாகக் கடித்த தடமும் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்த தடமும் ஒன்றல்ல என்று மெய்ப்பித்தனர். 2021இல் இரட்டை ஆயுள் தண்டனை! அளவுகோலை எடுத்தபோது கொலைகாரன் அகப்பட்டான். சோழியை உருட்டியிருந்தால் தோஷம் அல்லவா அகப்பட்டிருக்கும்?

இனி, பானை வைத்திருந்த குடிசைக்காரருக்கு வருவோம்.

இருளர் பாம்போடு வாழ்வது பக்தியால் அன்று. தொழிலால், தலைமுறை அறிவால். தடம் பார்த்துப் பாம்பின் இனம் சொல்வர். எச்சம் பார்த்து எவ்வளவு தொலைவில் என்பர். எலி வளையை வெட்டி, அது திருடிச் சேர்த்த நெல்லை மீட்பர். ஒரு காலத்தில் தோல் வணிகருக்காகப் பாம்பு பிடித்தனர். அந்தத் தோல்கள் அயல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையாயின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டது. சட்டம் சரி. பாம்பு குறைந்தால் எலி பெருகும் என்பது உழவன் மகனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் கைப்பை வாங்கியவள் வேறு பை வாங்கிக்கொண்டாள். பாம்பு பிடித்தவன் அடுப்பு அணைந்தது.

1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சென்னைக்குத் தெற்கே, வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. வனத்துறை இசைவோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எனும் நான்கையும் பிடிக்கின்றனர். வாய்க்குத் துணி கட்டிய மண்பானையில் வைக்கின்றனர். ஆம், அதே பானை! மூன்று வாரம் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மீண்டும் காட்டிலே விடுகின்றனர். அந்த நஞ்சு மருந்து ஆலைகளுக்குப் போகிறது. சிறு சிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்துகின்றனர். குதிரையின் குருதி நஞ்சை எதிர்க்கும் பொருளை உண்டாக்குகிறது. அதைப் பிரித்தெடுத்தால், அதுவே பாம்புக்கடிக்கு மருந்து. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் தொடங்கி வைத்த வழி இது. மந்திரம் ஓதி இறங்காத நஞ்சு இந்த மருந்துக்கு இறங்குகிறது.

ஆக, பெரிய வீட்டுக்காரரின் மகனை நாளை பாம்பு கடித்தால், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் அவன் நரம்பில் ஏறும் மருந்துக்குள், ஏதோ ஓர் இருளர் கையின் திறமை இருக்கும். அந்தக் கைக்கு ஐம்பது ரூபாய் திண்ணை விளிம்பில்!

அமெரிக்காவின் புளோரிடாவில் சதுப்புக் காடுகள். அங்கே வளர்ப்புப் பிராணியாக வாங்கிவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் பெருகி, காட்டு உயிர்களை எல்லாம் விழுங்கித் தீர்த்தன. வல்லரசின் வல்லுநர்கள் கை பிசைந்தனர். 2017 சனவரியில் இங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் அழைத்துச் செல்லப்பட்டனர். முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகள்! 2023இல் இருவருக்கும் பத்மசிறீ விருது. குடியரசுத் தலைவர் மாளிகையின் கம்பளத்தில் நடந்த அந்தக் கால்கள் நம் ஊர்க் கூடத்தில் நடந்தால் தீட்டு!

கிண்டியில் பாம்புப் பண்ணை கண்ட ராமுலஸ் விட்டேக்கர், கொடைக்கானல் பள்ளி விடுதியில் படித்த நாளிலே, கட்டிலுக்கடியில் மலைப்பாம்பு வளர்த்தார். இருளரே தம் ஆசான்கள் என்று பின்னாளில் அவர் சொன்னார். கூட்டுறவுச் சங்கம் அமையத் துணை நின்றார். அந்த நன்றியுணர்வை மதிக்கிறோம். ஆனால், வெள்ளைக்காரச் சிறுவனின் கட்டிலடிப் பாம்பு சுவையான வரலாறு; கறுப்புச் சிறுவனின் குடிசைப் பானை குற்றப்பத்திரிகை! இன்றும், மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பைப் பெருநகரச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கழுத்தில் சுற்றிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வரப்பட்ட அத்தகைய பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் மீண்டும் மீண்டும் பிடிபடுகின்றன. அந்தச் செல்வரை ஊரைவிட்டு அகற்ற எவரேனும் மனு எழுதினரா?

2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாம்பு பிடிக்க வீட்டுக்குள் அழைத்த இருளனையே, நகை காணாமற் போனதும் திருடன் என்றார்கள். 1993இல் கடலூர்ப் பகுதியில் குறவர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையைத் தழுவிய கதை அது. வீட்டில் அமர்ந்து பார்த்து அழுதோம். அழுத கண்களைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் அதே மனுவில் கையெழுத்திட நம்மால் முடிகிறதே, அதைத்தான் எண்ணி எண்ணி மாய்கிறோம். 2011 நவம்பரில், திருக்கோவிலூர் அருகே, இருளர் பெண்கள் நால்வர் காவலர்மீதே வன்கொடுமைப் புகார் கொடுத்தார்களே, அது நினைவிருக்கிறதா? இங்கே யார் யாரைக் கண்டு அஞ்சவேண்டும்?

'சட்டம் இருக்கிறது, வீட்டில் பாம்பு வைப்பது குற்றம்தானே?' என்கிறார் ஒரு நண்பர். ஆம், குற்றம்தான். நம் நாட்டுப் பாம்பை இசைவின்றிப் பிடிக்கவோ வைக்கவோ கூடாது. சட்டம் நமக்குத் தெரியும். கூப்பிட ஆள் அனுப்பியவருக்கும் தெரியும். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? அவர்கள் வந்து சேர நேரமாகும். இருளர் உடனே வருவார். அவசரம் இவருக்கு, குற்றம் அவருக்கு! வடநெம்மேலி எங்கே, களமருதூர் எங்கே? அங்கே உரிமச்சீட்டோடு செய்யும் வேலையை இங்கே கள்ளத்தனமாய்ச் செய்யும் நிலையில் அவரை வைத்தது யார்? வட்டத்துக்கு நான்கு இருளருக்குப் பயிற்சியும் இசைவும் ஊதியமும் காப்பீடும் தந்து, பாம்பு மீட்பாளர் என்று பெயர் கொடுத்தால், அரசுக் கருவூலம் வற்றிவிடுமா?

மராட்டியத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் சேத்பால் என்னும் ஊரில் நாகங்கள் வீடுகளுக்குள் வந்துபோக இடம் ஒதுக்கி வாழ்கிறார்கள் என்று ஏடுகள் எழுதுகின்றன. வங்கத்தின் பர்த்தமான் பகுதியிலும் அத்தகைய ஊர்கள் உண்டு. அங்கே நிலவுவது பக்தி. அது நமக்கு வழிகாட்டி ஆகாது, தெய்வமென்று நம்பிய பாம்புக்கும் நஞ்சு நஞ்சுதான். ஆயினும் ஒன்று விளங்குகிறது: பாம்பு நடமாடும் வீட்டில் குழந்தைகள் அலறாமல் வளர முடியும். அலறல் பிறவிக் குணம் என்றால் அவர்களும் அலறவேண்டுமே!

நாம் வேண்டுவது கும்பிடுவதும் அன்று, கொல்வதும் அன்று. இரவில் கைவிளக்கு, காலுக்குச் செருப்பு, பாய்க்குப் பதில் கட்டில், கட்டிலுக்கு வக்கில்லாதவருக்கு நன்கு செருகிய கொசுவலை. கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுகக் கட்டாதே. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108க்குச் சொல்லி, மருத்துவமனைக்கு ஓடு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இனி மருத்துவமனைகள் கணக்கைச் சொல்லியாகவேண்டும். நல்ல செயல். ஆனால் கல்வராயன் மலைமேல், பாதை சரியில்லாத சிற்றூரில் கடிபட்டவனுக்கு மணித்துளி ஒவ்வொன்றும் உயிர். அந்த மலைமக்களின் குறைகளை 2024இல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து கையிலெடுக்க நேர்ந்தது. மலையில் பாதை இல்லாத வரை, அங்கே மந்திரிப்பவனுக்குப் பஞ்சமிராது. அவனை ஏசிவிட்டு வருவது நமக்கு எளிது. கடிபட்டவனைத் தோளில் தூக்கி இறங்குவதும், பாதை கேட்டுப் போராடுவதுமே கடினம். இளைஞர் மன்றத் தோழர்கள் எந்தப் பக்கம் நிற்கப்போகிறீர்கள்?

சிறுவன் இப்போது வகுப்புக்குள்தான் உண்கிறான். அவன் வலப்பக்கம் நாம் உட்காருகிறோம். இடப்பக்கம் சென்ற வாரம் வரை காலி. இந்த வாரம் ஒரு சிறுமி வந்து உட்கார்ந்தாள். 'பாம்புக்குக் காது இருக்கா?' என்று கேட்டாள். வெளிக்காது இல்லை, தரை அதிர்வை உடம்பால் உணரும், மகுடியின் இசைக்கன்று அதன் அசைவுக்கே தலையாட்டும் என்று நாம் சொல்ல வாயெடுக்குமுன், அவனே சொல்லிவிட்டான். நம்மைவிட நன்றாகவே சொன்னான்.

அவன் தந்தையைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பாம்புகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் செய்ய இசைவு கேட்டு, மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பாம்பு கொண்டுவரப்படமாட்டாது, படங்கள் மட்டுமே என்றும் அடிக்கோடிட்டிருக்கிறோம். கொடுத்து இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. குடிசைகளை அகற்றக் கோரிய மனுவுக்கு மூன்றாம் நாளே ஆள் வந்து ஏரிக்கரையை அளந்துவிட்டுப் போயிற்று. நம் விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை.